ஸ்விஃப்ட்டைத் தாழ்த்த: லோயரிங் ஸ்பிரிங் மாட்டும் முறை

2018-இல் வந்த மாருதி ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் உள்ள இடைவெளி, 163 மி.மீ. அதுவும் ஆள் ஏறாதபோது. வண்டியை 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் செட் போட்டால் மிச்சம் 123. கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது போதும். பென்னாகரம், அஞ்செட்டி பக்கம் உள்ளே போகிறவருக்குப் போதாது. விதிப்படியான வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். மெதுவாகப் போனால் வயிறு தட்டாது. ஊருக்குள் ஆளாளுக்குப் போட்ட குறுகிய தடைதான் சிக்கல். முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் ஏறும் முன் அதன் முழு உயரமும் வயிற்றுக்கு நேராக நிற்கும். அது 15 செ.மீ. இருந்தால் கம்பெனி வண்டியே 13 மி.மீ. இடைவெளியில்தான் தப்பும். 25–30 மி.மீ. செட்டுக்கு மேல் போகாதீர்கள்.

பழைய ஸ்பிரிங்கை கேஸ் கட்டரில் வெட்டித் தருகிறேன் என்பார்கள். வேண்டவே வேண்டாம். சூட்டில் கம்பியின் பதம் போய்விடும். வெட்டிய முனை, ஸ்பிரிங் உட்காரும் கிண்ணமான சீட்டில் சரியாக உட்காராது.

ஸ்பிரிங் நான்குடன் ஸ்ட்ரட் (முன்பக்க ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மேல் நட்டு இரண்டும் புதிதாக வாங்குங்கள். வண்டி நிறைய ஓடியிருந்தால் ஸ்ட்ரட் பேரிங்கையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸரில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்: பாதுகாப்பு லாக் பின் உள்ளதாக வாங்குங்கள், மரையில் கிரீஸ் தடவுங்கள், கையால் மட்டும் திருகுங்கள். வண்டியைத் தாங்க ஆக்ஸில் ஸ்டாண்ட்தான் வேண்டும். ஹாலோ பிளாக் பாரத்தில் சொல்லாமல் உடையும்.

தொடங்கும் முன் நான்கு சக்கரத்திலும் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலிருந்து அதற்கு மேலே உள்ள ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள்.

முதலில் பின்பக்கம், அது சுலபம். பின்புறத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் பின் பீமுக்கு நடுவில் ஜாக்கி கொடுத்து, இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் கழற்றுங்கள். ஜாக்கியை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். இறக்கும்போது பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் இரண்டிலும் கண் இருக்கட்டும். ரப்பர் சீட்டைப் புது ஸ்பிரிங்குக்கு மாற்ற மறக்காதீர்கள்.

முன்பக்கம் ஸ்ட்ரட்டில் மாட்டியிருக்கும் ஹோஸ் கிளிப், ஒயர் கிளிப், லிங்க் ராடு எல்லாம் கழற்றியபின், நக்கிளை (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பகுதி) பிடிக்கும் இரண்டு போல்ட் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு எடுங்கள். மேல் மவுண்டிங்கைக் கவுல் (முன் கண்ணாடிக்குக் கீழுள்ள மூடி) மறைத்தால் வைப்பரோடு அதையும் எடுக்க வேண்டியதுதான். ஸ்பிரிங்கை அமுக்காமல் நடு நட்டில் ஸ்பேனர் வைக்காதீர்கள்; அது கழன்றால் மவுண்டிங் முகத்துக்கு வரும். கம்ப்ரஸரின் இரண்டு பக்கத்தையும் எதிரெதிரே மாட்டி, மாற்றி மாற்றிச் சில சுற்று திருகுங்கள். ஸ்பிரிங் சீட்டை விட்டு ஆடத் தொடங்கியதும் நட்டைத் திறக்கலாம். ஷாக்கின் தண்டு சேர்ந்து சுற்றினால் ரிங் ஸ்பேனரால் நட்டையும் ஆலன் கீயால் தண்டையும் பிடியுங்கள். புது ஸ்பிரிங்கின் கீழ் முனை சீட்டில் உள்ள பள்ளத்தில் முட்டி நிற்க வேண்டும். செட்டோடு வந்த தாளில் பம்ப் ஸ்டாப்பை (ஷாக் முழுதும் அமுங்கும்போது தாங்கும் ரப்பர்) வெட்டச் சொல்லியிருந்தால் மட்டும், சொன்ன அளவுக்கு வெட்டுங்கள்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது இனிமேல்தான். முன் சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மின் புஷ், பின் பீமின் முன்பக்க புஷ், பின் ஷாக்கின் கீழ்க்கண் புஷ் இவற்றில் ரப்பர் உலோகத்தோடு ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கும்போது ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் ரப்பர் முறுகியே இருக்கும்: உயரம் சரியாக இறங்காது, வேகத்தடையில் கிறீச்சிடும், புஷ் சீக்கிரம் கிழியும். பழைய உயரத்தில் இறுக்கிய போல்ட்டுகளைத் தொடாமல் விட்டாலும் இதே கதிதான். ஆகவே இவற்றை ஒரு சுற்று தளர்த்தி, சக்கரம் மாட்டி, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் நகர்த்தி, அமுக்கி விட்டு, அதன்பின் சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க்குக்கு (இறுக்கும் அளவு) இறுக்குங்கள். இதற்கு அலைன்மென்ட் கடையின் குழி அல்லது நான்கு தூண் லிஃப்ட் வேண்டும். இரண்டு தூண் லிஃப்டில் சக்கரம் தொங்கும், உதவாது. வீட்டிலேயே என்றால் லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட்டுக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, பாடி ஸ்டாண்டை விட்டு எழும்பத் தொடங்கும் இடத்தில் இறுக்குங்கள்.

உடனே அலைன்மென்ட். டோ, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், மாறியிருந்தால் டயரை வேகமாகத் தின்றுவிடும். 500 கி.மீ. ஓடியபின் ஸ்பிரிங் இன்னும் சற்று இறங்கியிருக்கும். உயரத்தை அளந்துவிட்டு அலைன்மென்ட்டை மறுபடி பாருங்கள். ஹெட்லைட் வெளிச்சத்தையும் சுவரில் அடித்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள். போல்ட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்சில் சோதித்த பிறகு தொப்பூர் கணவாயில் இறக்கலாம்.

வாங்கும் முன் ஒன்று: மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ்காரரிடமும் கேட்டுவிடுங்கள்.

பிற்சேர்க்கை: ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்பக்கம் ‘டங்’ என்று சத்தம் வந்தால் ஷாக்கைக் குறை சொல்லாதீர்கள். ஸ்பிரிங் முனை பள்ளத்தில் இல்லை, அல்லது பேரிங் தலைகீழாக இருக்கிறது. எந்தப் பக்கம் சத்தமோ அந்த ஸ்ட்ரட்டை மட்டும் திரும்ப இறக்கினால் போதும்.