காசல்ரீக் கரையிலிருந்து கட்டுநாயக்க வரை: விமானத்தைப் படமெடுக்கப் பழகுவோம்

வெளிநாடு போகிறவரை வழியனுப்பக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போனால் போனில் எப்படியும் ஒரு விமானப் படம் சேரும். வெள்ளை வானம், நடுவில் கறுப்பாக ஒரு சிலுவை. "நம்ம லென்ஸ் சின்னது, அதுதான்" என்பார்கள். லென்ஸ் பாவம். கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் எந்த லென்ஸிலும் விமானத்தின் வயிறுதான் விழும். நடுப்பகல் என்றால் அந்த வயிறும் நிழலில் கிடக்கும்.

மலைநாட்டுக்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மிதவை பூட்டிய செஸ்னா கேரவன் விமானங்கள் இறங்குவதுண்டு. நோர்வூட் பக்கத்துத் தேயிலைச் சரிவில் நின்றால் விமானம் நம் கண்மட்டத்துக்கு வரும், சில நேரம் அதற்கும் கீழே போகும். ஜன்னல், எழுத்து, இறக்கையின் மேற்புறம் எல்லாம் தெரியும். முதலில் இங்கே பழகுங்கள், பிறகு கட்டுநாயக்கவுக்குப் போகலாம்.

முதல் படி: நாளும் இடமும்

இந்தச் சின்ன விமானங்கள் கண்ணால் வழி பார்த்துத்தான் இறங்கும். எதிர்மலை தெரியாத அளவு மிஸ்ட் மூடியிருந்தால் வீட்டுக்குப் போய்விடலாம். 1974 டிசம்பர் 4 இல் 191 பேரோடு வந்த டிசி-8 விமானம் மோதியது இந்தப் பக்கத்துச் சப்தகன்னி மலையில்தான். மேகம் மூடிய மலையோடு விளையாட எந்த விமானியும் விரும்பமாட்டார். ஜனவரி முதல் மார்ச் வரை காலை நேரம் நல்லது. விமானம் தினமும் வரும் என்று நம்ப வேண்டாம், விசாரித்துப் போங்கள். கொழுந்து மலைக்குள் இறங்குவதென்றால் தோட்டத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அட்டைக்கு உப்பும் கையில் இருக்கட்டும்.

சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். கேரவனுக்கு இறக்கை மேலே இருப்பதால் வெயில் உச்சிக்கு ஏறியதும் இறக்கையின் நிழல் ஜன்னல்கள்மேல் விழுந்துவிடும். ஒன்பது மணிக்கு முன்னே, இல்லாவிட்டால் நாலு மணிக்குப் பின்னே.

இரண்டாம் படி: ஷட்டர்

ஷட்டர் வேகம் என்பது படம் பதியும் நேரம். ஜெட் விமானத்துக்கு 1/1000 செக்கன் வைத்தால் போதும், கவலையில்லை. விசிறி உள்ள விமானத்துக்கு அதே 1/1000 வைத்தால் விசிறி உறைந்துபோய், இன்ஜின் நின்ற விமானம் அந்தரத்தில் தொங்குவதுபோல இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கேரவனின் விசிறி நிமிடத்துக்கு அதிகபட்சம் 1,900 சுற்று, அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 32. 1/1000 செக்கனில் ஓர் இதழ் 11 பாகைதான் நகரும். 1/125 வைத்தால் 90 பாகைக்குக் கொஞ்சம் மேலே போகும். இதழ் மூன்று என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 120 பாகை. ஆகவே 1/125 இல் விசிறி கிட்டத்தட்ட முழு வட்டமாகத் தெரியும். தொடக்கத்தில் 1/250 வையுங்கள், கை பழகியதும் 1/125 க்கு இறங்குங்கள்.

கை பழக விமானத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஹட்டன் வீதியில் பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றனவே! படம் எடுக்கப்போகும் திசைக்குப் பாதத்தைத் திருப்பி வைத்து, இடுப்பை மட்டும் திருப்பி, தூரத்திலேயே பஸ்ஸைப் பிடித்துக் கெமராவால் பின்தொடருங்கள். பட்டனை அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். பஸ்ஸின் பெயர்ப் பலகையை வாசிக்க முடிந்து, பின்னால் உள்ள கடைகள் கோடாக இழுபட்டிருந்தால் தேறிவிட்டீர்கள்.

மூன்றாம் படி: வெளிச்சம்

அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான். கெமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கட்டுநாயக்கவின் வெள்ளை வானத்தைக் கண்டால் படத்தை இருட்டாக்கும், அதனால் கெமராவின் வெளிச்சத் திருத்தத்தில் (+/− குறி) +1 கூட்ட வேண்டும். காசல்ரீயில் பின்னணி கரும்பச்சைத் தேயிலை. அங்கே கெமரா வெளிச்சத்தைக் கூட்டிவிட, வெள்ளை விமானம் வெளிறி அதன் எழுத்துகள் காணாமற் போகும். அங்கே −0.7 அல்லது −1 குறைக்க வேண்டும். சமவெளியில் எடுப்பவர்கள் சொல்லும் "எப்போதும் கூட்டு" என்ற யோசனை இங்கே சரிவராது.

இறங்கும் ஒரு நிமிடத்துக்குள் பின்னணி மேகம், மலை, தண்ணீர் என்று மாறும். விமானத்தின்மேல் விழும் வெயில் மட்டும் மாறாது. அதனால் எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் (மெனுவல்) மோடில் பூட்டிவிடுவதே என் வழக்கம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, எஃப் எண் (லென்ஸ் துவாரத்தின் அளவு) 11, ஷட்டர் 1/250 என்று தொடங்குங்கள், 1/125 க்கு இறங்கினால் எஃப் 16. விடியற்காலை மங்கலாக இருந்தால் எஃப் எண்ணை ஒரு படி குறையுங்கள். போனில் எடுப்பவர்கள் திரையில் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இழுத்தால் போதும். விரலால் விரித்துப் பெரிதாக்க வேண்டாம். மலையும் தண்ணீரும் சேர விட்டு, விமானம் சிறிதாகவே இருக்கட்டும். நான் எப்படியும் அந்தப் படத்தைத்தான் விரும்புவேன்.

ஃபோகஸைத் தொடர் நிலையில் வைத்து, புள்ளியை ஜன்னலில் நிறுத்துங்கள். மிதவை தண்ணீரைத் தொட்டதும் பின்னால் சாரல் எழும்பும். அதற்குக் கொஞ்சம் முன்பிருந்தே தொடர்ச்சியாக அழுத்துங்கள்.

கட்டுநாயக்கவில்

விமானம் காற்றை எதிர்த்தே இறங்கும். ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகக் கிடப்பதால், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெரும்பாலும் வடகிழக்குப் பக்கமிருந்து வரும். காலையில் விமானத்தின் தென்கிழக்குப் பக்கத்திலும் மாலையில் வடமேற்குப் பக்கத்திலும் வெயில் படும். பகல் ஏறினால் தார் சூடாகி, தூரத்து விமானம் நெளியும். எந்த லென்ஸாலும் அதைத் திருத்த முடியாது, கிட்ட வரும்வரை பொறுங்கள். உள்ளே கண்ணாடி வழியாக எடுப்பதென்றால் ஃபிளாஷை நிறுத்தி, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி, கறுப்புத் துணியால் மூடுங்கள். விமானப்படைத் தளமும் அங்கேதான் இருக்கிறது. தடைப் பலகை இருக்கும் வேலிப் பக்கம் கெமராவைத் தூக்கவே வேண்டாம்.

கடைசியில்

படத்தைப் பெரிதாக்கி, 4ஆர் என்று தொடங்கும் பதிவு எழுத்தை வாசியுங்கள். வாசிக்க முடியாததை அழித்துவிடலாம். மூக்குக்கு முன்னால் இடம் விட்டு வெட்டுங்கள். நீர்த்தேக்கக் கரையை வைத்து மட்டம் பார்க்காதீர்கள், கரை வளைந்து விலகிப் போவதால் படத்தில் சாய்வாகத்தான் விழும். சரிவில் நிற்கும் டர்பன்டைன் மரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்துத் திருப்புங்கள்.