டிரைவிங் டெஸ்டில் இன்டிகேட்டர் போட மறக்காமல் இருக்க

எல்எல்ஆர் எடுத்து 30 நாள் ஆனதும் கார் டெஸ்டுக்குப் போகலாம். அதற்குள் கிளட்சும் கியரும் ஓரளவு பழகிவிடும். இன்டிகேட்டர்தான் பலருக்குப் பழகுவதில்லை. பயிற்சிக் காரில் பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் "இன்டிகேட்டர் போடுங்க" என்று சொல்லிக்கொண்டே வருவார். டெஸ்ட் அன்று அந்த இருக்கையில் பிரேக் இன்ஸ்பெக்டர் இருப்பார். அவர் ஞாபகப்படுத்த மாட்டார்.

1. நிற்கும் காரில் கையைப் பழக்குங்கள். மாருதி, ஹூண்டாய், டாடா கார்களில் இன்டிகேட்டர் லீவர் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் இருக்கும். கீழே தள்ளினால் வலது, மேலே தள்ளினால் இடது. ஸ்டியரிங் எந்தப் பக்கம் சுற்றப்போகிறதோ அதே போக்கில்தான் லீவரும் போகும். இதைப் பிடித்துக்கொண்டால் குழப்பமே வராது. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில் லீவர் இடப்பக்கம். பழக்கதோஷத்தில் வலது கை போனால் வைப்பர் ஓடும். அதனால் எந்தக் காரில் டெஸ்டோ, அதிலேயே பழகுங்கள்.

2. வரிசையை வாய்விட்டுச் சொல்லுங்கள். "கண்ணாடி, இன்டிகேட்டர், பிரேக், ஸ்டியரிங்." இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இன்டிகேட்டரையும் போடலாம் என்று நினைத்தால் கட்டாயம் மறந்துபோகும், ஏனென்றால் அப்போது கை, கால், கண் மூன்றுக்கும் வேலை இருக்கும். திரும்பப்போகிறோம் என்று முடிவெடுத்த உடனேயே போட்டுவிடுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடிக்குள் கார் 25 மீட்டர் போய்விடும். பின்னால் வருபவருக்கு அந்த மூன்று விநாடியாவது கொடுக்க வேண்டும்.

3. திருப்பம் இல்லாத இடங்களையும் கவனியுங்கள். தெருமுனையில் பெரும்பாலும் ஞாபகம் வந்துவிடும். ஓரத்திலிருந்து வண்டியை எடுக்கும்போது வலது, ஓரங்கட்டி நிறுத்தும்போது இடது, நிற்கும் வண்டியைத் தாண்டிப் போக வலது. அதிகம் விட்டுப்போவது இவைதான். டெஸ்ட் தொடங்குவதும் முடிவதும் இப்படித்தானே!

4. அணைந்துவிட்டதா என்று பாருங்கள். முழுத் திருப்பத்தில் ஸ்டியரிங் நேராகும்போது லீவர் தானே திரும்பிவிடும். லேசாக ஒதுங்கினால் திரும்பாது, நீங்கள்தான் அணைக்க வேண்டும். டிக் டிக் சத்தம் காதில் விழட்டும், பாட்டு வேண்டாம். சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டால் ஏதோ ஒரு பல்ப் போயிருக்க வாய்ப்பு அதிகம். கிளம்பும் முன் சுற்றி வந்து நான்கு மூலையும் பார்த்துவிடுங்கள்.

5. கை சைகையும் தெரிந்திருக்கட்டும். வலது கையை வெளியே நேராக நீட்டினால் வலப்பக்கம். அதே கையை நீட்டிக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் இடப்பக்கம்.

6. கடைசி சில வகுப்புகளில் பயிற்சியாளரைப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். "அண்ணா, நான் மறந்தாலும் சொல்லாதீங்க, முடிஞ்சதும் சொல்லுங்க" என்றால் போதும், நிச்சயம் ஒத்துக்கொள்வார்.

டெஸ்டில் இன்டிகேட்டர் போடாமலே திருப்பத்துக்கு அருகில் வந்துவிட்டால் பதறாதீர்கள். ஞாபகம் வந்த நொடியில் போட்டு, வேகத்தைக் குறைத்து, கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.