கொடி காடாகப் படருது, கிழங்கைக் காணோம்: வீட்டுத் தோட்டத்தில் கிழங்குப் பயிர்கள்

கிழங்கு வகைகளை நட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று சொல்வார்கள். பாதி உண்மைதான். பின்பாதியில் மறக்கலாம், நடுவதற்கு முன்பும், நட்ட பிறகு முதல் ஒன்றரை மாதமும் மறக்கக் கூடாது. சர்க்கரைவள்ளியில் எத்தனை வேர் கிழங்காகப் போகிறது என்பது அநேகமாக அதற்குள் மண்ணுக்கடியில் முடிவாகிவிடும். அப்புறம் ஊற்றும் தண்ணீரும் போடும் உரமும் இருக்கிற கிழங்கைப் பெருக்க வைக்கும், இல்லாத கிழங்கை உண்டாக்காது.

தொட்டியில் கீரையோ தக்காளியோ ஏற்கெனவே வளர்த்தவர் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். தண்ணீர் ஊற்றுவது எப்படி, களை எடுப்பது எப்படி என்றெல்லாம் விளக்கப் போவதில்லை.

படி 1: எதை நடுவது?

முதல் முறை என்றால் சர்க்கரைவள்ளி. மூன்றரை, நான்கு மாதத்தில் பலன் தெரிந்துவிடும். தவறினாலும் வருஷம் வீணாகாது. சேப்பங்கிழங்குக்கு, அதாவது சேம்புக்கு, ஆறேழு மாதம். மரவள்ளி, சேனை இரண்டுக்கும் எட்டு முதல் பத்து மாதம். பெருவள்ளிக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்குக் கூடவே உயரமான கொழுகொம்பும் வேண்டும். பந்தல் போட இடமில்லாதவர்கள் பெருவள்ளியை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

வெயில் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். சர்க்கரைவள்ளிக்கும் மரவள்ளிக்கும் நாள் முழுக்க வெயில் வேண்டும். அரைநிழல் மட்டுமே இருந்தால் சேனையும் சேம்பும் சமாளித்துக்கொள்ளும். உறைபனி விழும் பகுதியில் இருப்பவர்கள் பனி முழுசாக விட்டு, மண் சூடேறிய பிறகே நட வேண்டும். 15 டிகிரிக்குக் கீழே சர்க்கரைவள்ளி வளர்ச்சியை ஏறக்குறைய நிறுத்திவிடும். வெப்பமான மாதங்கள் ஐந்தாறுதான் என்றால் மரவள்ளி உங்களுக்கு லாயக்குப்படாது.

கடைசியாக ஒன்று. சேனையும் சேம்பும் உண்மையில் தடித்த தண்டு. அதில் மொட்டு இருக்கிறது, ஆகவே கிழங்கையே நடலாம். மரவள்ளிக் கிழங்கோ வெறும் வேர். அதைப் புதைத்தால் முளைக்காது, அழுகும். அதற்குத் தண்டுதான் விதை. சர்க்கரைவள்ளியும் வேர்தான், ஆனால் அது மட்டும் விதிவிலக்காக முளைவிடும்.

படி 2: மண்

கிழங்குக்கு உரத்தைவிட முக்கியம் இளக்கம். ஈரமண்ணில் உங்கள் விரல் முழுசாக, சிரமமில்லாமல் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் கிழங்கும் இறங்காது.

தரையில் என்றால் ஓர் அடி ஆழத்துக்குக் கொத்திக் கல், கட்டி எல்லாம் பொறுக்கிவிட்டு, மண்ணை ஓர் அடி உயரத்துக்குப் பாராகவோ (நீள வரப்பு) மேடாகவோ கூட்டுங்கள். களிமண்ணாக இருந்தால் மேடு கட்டாயம். மழைத் தண்ணீர் அரைநாள் தேங்கினால்கூட வேர் மூச்சுமுட்டும். மண்ணின் அமில காரக் குறியீடு (pH) 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது.

பையில் வளர்ப்பவர்களுக்கு: மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. சர்க்கரைவள்ளிக்கு ஒன்றரை அடி அகலம், ஓர் அடிக்குக் குறையாத ஆழம். அதில் இரண்டு கொடிக்கு மேல் வேண்டாம். நாலு நட்டால் நாலுமே விரல் பருமனில் நின்றுவிடும்.

(இதை முதலில் எழுதியபோது பழைய பிளாஸ்டிக் சாக்கும் போதும் என்று சொல்லியிருந்தேன். சாக்கு வெயிலில் பொடிப்பொடியாக உதிர்ந்து, அந்தத் துணுக்கெல்லாம் மண்ணில் கலந்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். சர்க்கரைவள்ளியின் நான்கு மாதத்துக்கு வேண்டுமானால் தாங்கும். சேனைக்கு நிச்சயம் தாங்காது. தடித்த வளர்ப்புப் பையே வாங்கிவிடுங்கள்.)

மக்காத சாணம் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

படி 3: சர்க்கரைவள்ளி நடவு (இங்கேதான் சறுக்கும்)

கொடி கிடைத்தால் கொடி. கிடைக்காவிட்டால் நல்ல கிழங்கு ஒன்றை ஈரமணலில் பாதி மூழ்கும்படி படுக்க வையுங்கள். மூன்று முதல் ஐந்து வாரத்தில் முளைகள் நீண்டுவிடும். முளையைக் கிழங்கிலிருந்து பிய்க்காமல், மண்ணுக்குச் சற்று மேலே வெட்டி எடுங்கள். தாய்க்கிழங்கில் கூன்வண்டோ (கிழங்கைக் குடையும் வண்டு) நோயோ இருந்தால் கூடவே வருவது அப்போதுதான் குறையும்.

துண்டு ஒரு சாண் அல்லது சற்று அதிகம், 20 முதல் 30 செ.மீ. வரை. நுனிக்கொடிதான் சிறந்தது. அடிக்கொடி முற்றியிருக்கும், வேர் பிடிக்கும், கிழங்கு சுமார்தான். வெட்டிய துண்டுகளைக் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈரத்துணியில் சுற்றி நிழலில் ஒன்றிரண்டு நாள் வைத்திருந்தால் கணுக்களில் வேர்முனை எட்டிப் பார்க்கும். அந்த நிலையில் நட்டால் வாடுவது குறைவு.

இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடுங்கள். கிழங்காக மாறும் வேர்கள் பெரும்பாலும் அந்தக் கணுக்களிலிருந்தே வரும். ஒரு கணு மட்டும் புதைத்துவிட்டு ஏழெட்டுக் கிழங்கை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. செடிக்குச் செடி 20 முதல் 30 செ.மீ., பாருக்குப் பார் 60 செ.மீ.

இனி, கொடி படர்ந்தும் கிழங்கு வைக்காத கதை. இளம் வேர்கள் எல்லாம் ஆரம்பத்தில் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுபோல்தான் இருக்கும். மண்ணில் காற்றோட்டமும் அளவான ஈரமும் இருந்தால் சில வேர்கள் மாவைச் சேமித்துப் பருக்கத் தொடங்கும். மண் இறுகியிருந்தாலோ, தண்ணீர் தேங்கினாலோ, ஒரேயடியாகக் காய்ந்தாலோ, தழைச்சத்து (யூரியாவில் இருக்கும் நைட்ரஜன்) மிகுந்தாலோ அதே வேர் உள்ளே நார் ஏறி பென்சில் தடிமனில் நின்றுவிடும். ஒரு முறை நார் ஏறிய வேர் மறுபடி பருக்காது. மூன்றாவது மாதத்தில் தோண்டிப் பார்த்துவிட்டுப் பொட்டாஷ் (சாம்பல்சத்து உரம்) போட்டால் பிரயோசனமில்லை என்று சொல்வது இதனால்தான்.

ஆகவே முதல் வாரம் தினமும் தண்ணீர், வேர் பிடிக்கிற வரைக்கும். அப்புறம் மேல்மண் காய்ந்த பிறகு மட்டும். யூரியா வேண்டாம். கடலைப் புண்ணாக்குக் கரைசலை வாராவாரம் ஊற்றும் பழக்கம் இருந்தால் இந்தப் பயிருக்கு மட்டும் நிறுத்திவையுங்கள். இலை கரும்பச்சையாகத் தளதளவென்று இருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். கீழே கிழங்கு இல்லாத கொடிகூட மேலே அப்படித்தான் இருக்கும். ஒரு மாதம் கழித்துச் செடிக்கு ஒரு கைப்பிடி மரச்சாம்பலைத் தூரைச் சுற்றித் தூவி மண் அணைத்தால் சாம்பல்சத்துக் கிடைக்கும். சாம்பல் அதிகமானால் மண் காரமாகிவிடும், கைப்பிடிக்கு மேல் போகாதீர்கள்.

படர்ந்த கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொடியைத் தூக்கி மறுபக்கம் புரட்டிப் போடுங்கள். வெட்டிவிட வேண்டியதில்லை. இளம் நுனிகளைக் கீரையாகச் சமைக்கலாம், ஆனால் மொட்டையடித்துவிட்டுக் கிழங்கும் கேட்கக் கூடாது.

மேட்டில் வெடிப்பு தெரிந்தால் உடனே மண் போட்டு மூடுங்கள். கூன்வண்டுக்கு மண்ணைக் குடையத் தெரியாது. வெடிப்பு வழியாகத்தான் கிழங்குக்குப் போகிறது. அது குடைந்த கிழங்கின் கசப்பு வேகவைத்தாலும் போகாது, மாட்டுக்கும் போடக் கூடாது. ஒரே இடத்தில் அடுத்தடுத்துச் சர்க்கரைவள்ளியே நட்டால் வண்டு குடும்பத்தோடு தங்கிவிடும்.

இரகம் எது என்று கேட்டால், ஆரஞ்சுச் சதை உள்ளதைத் தேடுங்கள் என்பேன். உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் அதில் நிறைய. 2016ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு பெற்ற நால்வரில் மூவர் இந்த ஆரஞ்சு வள்ளியை வளர்த்தெடுத்துப் பரப்பியதற்காகப் பெற்றவர்கள்.

படி 4: மரவள்ளி

எட்டு மாதத்துக்கு மேலான, முற்றிய தண்டு வேண்டும். பச்சை நுனியும் அடித்தூரும் வேண்டாம், நடுப்பகுதியே கரணைக்கு (நடும் தண்டுத்துண்டுக்கு) ஏற்றது. 15 முதல் 20 செ.மீ. நீளம். அரிவாளால் வெட்டினால் முனை பிளந்து பட்டை உரியும், அங்கிருந்து அழுகல் தொடங்கும். இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடு ஒன்று போதும், விலையுயர்ந்த கத்தரியெல்லாம் இதற்குத் தேவையில்லை. வெட்டுவாயில் பால் வந்தால் தண்டுக்கு உயிர் இருக்கிறது.

எது மேல், எது கீழ் என்று குழப்பம் வரும். இலை உதிர்ந்த தழும்பைப் பாருங்கள். மொட்டு எப்போதும் தழும்புக்கு மேலே இருக்கும். தலைகீழாக நட்டாலும் சில சமயம் முளைக்கும், ஆனால் தாமதமாகவும் நோஞ்சானாகவும். ஐந்து செ.மீ. ஆழத்தில் நிமிர்த்தி ஊன்றி, சுற்றிலும் மூன்றடி விடுங்கள். முளைத்த பிறகு எதிரெதிராக இரண்டு தளிரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒடித்துவிடுங்கள்.

இலையில் மஞ்சள் திட்டும் சுருக்கமும் இருந்த செடியிலிருந்து கரணை எடுக்காதீர்கள். தேமல் நோய் தண்டு வழியாகவே வரும், மீதியை வெள்ளை ஈ பரப்பும்.

மரவள்ளியைப் பச்சையாகத் தின்னவே கூடாது. கிழங்கிலும் இலையிலும் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. கசப்பு இரகங்களில் இன்னும் அதிகம். தோலைத் தடியாகச் சீவி, சிறு துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இது வீட்டுக்கேற்ற இனிப்பு இரகத்துக்குச் சொல்வது. கசப்பு இரகத்துக்கு இது மட்டும் போதாது, அதை வீட்டில் நடாமல் இருப்பதே நல்லது.

படி 5: சேனையும் சேம்பும்

சேனையை வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் நடுமொட்டின் ஒரு பங்கு இருக்க வேண்டும். வட்டமான கிழங்கை நடுவிலிருந்து ஆரம் ஆரமாக வெட்டினால் சரியாக வரும். துண்டு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. பெரிய துண்டு, பெரிய கிழங்கு. இதில் கஞ்சத்தனம் பலிக்காது. வெட்டுவாயைச் சாணிக்கரைசலில் தோய்த்து நிழலில் உலர்த்துங்கள். டிரைக்கோடெர்மா (நன்மை செய்யும் பூஞ்சை) கிடைத்தால் அதில் கலந்துகொள்ளலாம், தூரழுகலுக்கு நல்லது.

இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி. மேல்மண்ணும் தொழு உரமும் கலந்து நிரப்பி, மொட்டு மேல்நோக்க வைத்து மூடி, காய்ந்த இலையால் மூடாக்குப் போடுங்கள். பழைய துண்டு சுருங்கிப்போய் அதன் மேல்தான் புதுக்கிழங்கு உருவாகும், ஆகவே மேலோட்டமாகப் புதைக்காதீர்கள்.

நட்டு ஒரு மாதமாகியும் முளைக்கவில்லை, தோண்டிப் பார்க்கலாமா என்ற கேள்வி ஓயாமல் வருகிறது. தோண்டாதீர்கள். அறுவடையான சேனைக்கு உறக்ககாலம் உண்டு, அது முடிகிற வரைக்கும் அசையாது. நடும்போதே மொட்டு புடைத்திருக்கிற கிழங்கைத் தேர்ந்தால் காத்திருப்பது குறையும். வேறு சிலர் இலைக்குப் பதில் பூ வந்து தோட்டமே நாறுகிறது என்றார்கள். முற்றிய பெரிய கிழங்கை முழுசாக நட்டால் அப்படி ஆவதுண்டு. அது நோய் இல்லை. பின்னாடியே இலை வரும்.

சேம்புக்கு 25, 30 கிராம் எடையுள்ள பக்கக்கிழங்கு போதும். மற்ற கிழங்குக்குச் சொன்ன தண்ணீர்க் கட்டுப்பாடு இதற்கு இல்லை. மண் எப்போதும் ஈரமாக இருக்கலாம். இரண்டு மூன்று முறை மண் அணையுங்கள்.

இரண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் இருப்பதால் கை அரிக்கும், சரியாக வேகாவிட்டால் தொண்டையும் அரிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அழகுக்கு வளர்க்கும் யானைக்காது இலைச்செடிகளைச் சேம்பு என்று நினைத்துச் சமைத்துவிடாதீர்கள். காட்டில் தோண்டிய பெயர் தெரியாத வள்ளிக்கிழங்குக்கும் இதே எச்சரிக்கை.

படி 6: தோண்டுவது, வைப்பது

சேனையும் சேம்பும் இலை மஞ்சளாகிச் சாய்ந்து தாமாகவே சொல்லிவிடும். சர்க்கரைவள்ளி அப்படிச் சொல்லாது. நாள் கணக்கு வைத்துக்கொண்டு, ஓரத்தில் மண்ணைக் கையால் விலக்கிப் பாருங்கள். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள்.

மண்வெட்டி வேண்டாம், முதல் கொத்திலேயே பெரிய கிழங்கு இரண்டாகும். நாலு பல் உள்ள கார்டன் ஃபோர்க்கைத் தூரிலிருந்து ஓர் அடி தள்ளிக் குத்தி நெம்பினால் முழுசாக வரும். பையில் என்றால் கவிழ்த்துவிடுங்கள்.

சர்க்கரைவள்ளியைக் கழுவாமல், 30 டிகிரியை ஒட்டிய வெப்பமும் ஈரக்காற்றும் உள்ள நிழலில் ஒரு வாரம் ஆற வையுங்கள். கீறல்கள் மேல் புதுத்தோல் படரும். வைக்க வைக்க இனிப்பும் ஏறும். தோண்டிய அன்றே வேகவைத்துவிட்டு இனிப்பே இல்லை என்று இரகத்தைக் குறை சொல்லாதீர்கள். குளிர்பெட்டியில் வைத்தால் நடுவில் வேகாத கட்டி விழும்.

மரவள்ளி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு ஓடிக் கெட்டுவிடும். தேவைக்கு ஒரு செடியாகப் பிடுங்குங்கள். மண்ணைவிட நல்ல கிடங்கு அதற்குக் கிடையாது. பிடுங்கிய செடியின் தண்டை நிழலில் நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள், அடுத்த நடவுக்கு ஆகும். சர்க்கரைவள்ளியைத் தோண்டுவதற்கு முன்பே நுனிக்கொடி நாலைந்தை வெட்டி ஒரு தொட்டியில் ஊன்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுபடி கிழங்கை மணலில் படுக்கவைத்து முளைக்காகக் காத்திருக்க வேண்டிவரும்.