முடியாத வேலையைக் காட்டச் சொல்லுங்கள்: வடிவமைப்பாளர் குழு நடத்துவோருக்குப் பினாங்கிலிருந்து சில யோசனைகள்

தொழில்துறை வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலையைப் பகிர ஓர் இணையக் குழு தொடங்கப் போகிறீர்களா? பெயர் தேடுவதையும் சின்னம் வரைவதையும் ஒத்திப்போடுங்கள். முதலில் மலேசியாவின் 1996-ஆம் ஆண்டுத் தொழில்துறை வடிவமைப்புச் சட்டத்தில் 10, 12 ஆகிய பிரிவுகளைப் படியுங்கள். வறண்ட வாசிப்புதான். ஆனால் யார் எதைக் காட்டலாம் என்பது அங்கேதான் இருக்கிறது.

பத்தாம் பிரிவு உடைமை பற்றியது. சம்பளத்துக்குச் செய்த வடிவம், வேறு உடன்பாடு இல்லாதவரை, முதலாளிக்குச் சொந்தம். பணம் கொடுத்துச் செய்யச் சொன்னால், சொன்னவருக்குச் சொந்தம். பன்னிரண்டாம் பிரிவு புதுமை பற்றியது. வடிவத்தைச் சட்டப்படி பதிவு செய்ய விண்ணப்பிக்கும் முன்பே அது பொதுவெளிக்கு வந்துவிட்டால் புதுமை போயிற்று, பிறகு பதிய முடியாது. 2013 திருத்தத்துக்குப் பிறகு, உலகில் எந்த மூலையில் வெளியானாலும் இதே கதைதான். ஆறு மாதச் சலுகை ஒன்று உண்டு. அது அதிகாரப்பூர்வக் கண்காட்சியில் வைத்தவருக்கும், பிறர் முறைகேடாக வெளியிட்டதால் பாதிக்கப்பட்டவருக்கும்தான். தானே ஆசையாக இணையத்தில் போட்டவருக்கு இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் வடிவமைத்தவரே வெளியிட்டாலும் 12 மாத அவகாசம் கிடைக்கும். ஆகவே அங்கிருந்து வரும் "போட்டுவிடு, பிறகு பதிந்துகொள்ளலாம்" என்ற அறிவுரை இங்கே செல்லாது. இதை நான்கே வரியில் எழுதி, நான் நடத்தும் குழுவின் உச்சியில் ஒட்டிவைத்திருக்கிறேன். உள்ளே வருபவர் அதற்கு "சம்மதம்" என்று பதில் போட்ட பிறகுதான் படம் போடலாம்.

அப்படியானால் எதைத்தான் காட்டுவது? நியாயமான கேள்வி. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக வளாகம் வந்ததிலிருந்து இந்தத் தீவு தொழிற்சாலைகளை நம்பிப் பிழைக்கிறது. நம்மில் பலருடைய நல்ல வேலை ரகசியக் காப்பு ஒப்பந்தத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. பூட்டியது பூட்டியபடியே இருக்கட்டும். குழுவுக்கென்று பொதுவான ஒரு பொருளைக் கொடுங்கள். தெருவில் கண்ணெதிரே இருக்கும் பொருளாக இருந்தால் நல்லது. பால்குடத்தின் மூடி, உணவங்காடியின் பிளாஸ்டிக் முக்காலி, மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் மாட்டும் கொக்கி. இவற்றுக்கு எந்த நிறுவனமும் வழக்குப் போடாது. யாருக்காவது பதிவு செய்யத் தகுந்த யோசனை பிறந்தால், அதைக் குழுவில் காட்டாமல் நேரே மைஐபோ என்னும் மலேசிய அறிவுசார் சொத்து அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கட்டும்.

பதிவிடும் முறையில் கறாராக இருங்கள். பொருளோடு ஒரு கையோ 50 சென் நாணயமோ படத்தில் தெரிய வேண்டும் (நாணயத்தின் விட்டம் 22.65 மில்லிமீட்டர்; அளவு கேட்டு யாரும் நச்சரிக்கமாட்டார்கள்). வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒரு வரி. பிறகு ஒரே ஒரு கேள்வி. "எப்படி இருக்கிறது?" என்பது கேள்வி அல்ல, பாராட்டுக்குக் கை நீட்டுவது. அதைக் கேட்பவரிடம், "உங்களுக்கே எது உறுத்துகிறது?" என்று திருப்பிக் கேளுங்கள். பளபளக்கும் ரெண்டருக்கு (கணினியில் உருவாக்கிய படம்) கட்டை விரல்கள்தான் குவியும். அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரிக்குத்தான் பதில் வரும்.

அந்தக் கொக்கியையே எடுத்துக்கொள்வோம். ஒரு தம்பி, வெள்ளைப் பின்னணியில் மிதக்கும் கொக்கியின் ரெண்டரைப் போட்டார். அன்னத்தின் கழுத்து போன்ற வளைவு, பார்க்க அழகு. பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் ஒரே வரிதான் எழுதினார்: "கப்சாயை (சின்ன மோட்டார் சைக்கிள்) வளைத்துத் திருப்பும்போது முழங்கால் எங்கே போகும்?" அடுத்த படத்தில் தம்பி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். ஃபோமில் செதுக்கிய கொக்கியை டேப்பால் ஒட்டி, அசாம் லக்சா பொட்டலத்தைத் தொங்கவிட்டிருந்தார். முட்டி நேராக அதில் இடித்தது. பிறகு புக்கிட் மெர்தாஜாமில் பிளாஸ்டிக் வார்க்கும் மோல்டு (அச்சு) பட்டறை வைத்திருக்கும் அண்ணன் வந்தார். "அடிப்பாகம் 8 மில்லிமீட்டர் கனம். இப்படியே வார்த்தால் ஆறும்போது உள்ளே வெற்றிடமும் மேலே சிங்க் மார்க் என்னும் குழிவும் விழும். உட்புறத்தைக் குடைந்து சுவரை இரண்டரைக்குக் கொண்டுவா, உள்ளே ரிப் (தாங்கும் விலா) வை, ரிப்பின் கனம் சுவரில் பாதியளவு போதும். வளைவின் உள்மூலையைக் கூராக விடாதே, சுமை ஏறினால் விரிசல் அங்கேதான் தொடங்கும்." முழங்காலைக் கேட்டவரும் கனத்தைக் கேட்டவரும் ஒரே இழையில் இருக்க வேண்டும். ஆகையால் உறுப்பினர் சேர்க்கையில் வடிவமைப்பாளர்களை மட்டும் பொறுக்காதீர்கள். மோல்டு ஆள், தரக் கட்டுப்பாட்டு ஆள், விற்பனைக் கவுண்ட்டரில் நிற்பவர் எல்லோரும் உள்ளே இருக்கட்டும்.

நம்மவர் குழுக்களில் பெரிய நோய் மரியாதை. என்னை அக்கா என்று அழைக்கும் பிள்ளைகள் என் வரைபடத்தில் குறை சொல்லமாட்டார்கள். "சூப்பர் அக்கா" என்று கைகூப்பிவிட்டுப் போய்விடுவார்கள். இதற்கு நான் கையாளும் தந்திரம் கொஞ்சம் குறும்பானது. என் வேலையைப் போடும்போது தெரிந்தே ஒரு கோளாறை உள்ளே வைக்கிறேன். ஆழமான பெட்டி ஒன்றின் சுவரைக் கொஞ்சமும் சரிவில்லாமல், செங்குத்தாக நிறுத்திவிடுவேன். "அக்கா, டிராஃப்ட் இல்லையே, அச்சிலிருந்து எப்படிக் கழலும்?" என்று சின்னவர் யாராவது பிடித்தால், அவருக்கு எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்லி, ஒரு டிகிரி சரிவு கொடுத்த படத்தை அன்றைக்கே போடுவேன். மேற்பரப்பில் சொரசொரப்பு வேண்டுமென்றால் சரிவு இன்னும் கூட வேண்டும் என்று வேறொருவர் தொடர்வார். வாய் திறந்துவிட்டது, அது போதும்.

கருவியைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். தலைப்பு வாரியாகப் பிரிக்க முடிவதால் நாங்கள் டெலிகிராமில் இருக்கிறோம். முன்னனுப்புவதைத் தடுக்கும் வசதியைப் போட்டுவைத்திருக்கிறேன். ஆனாலும் இன்னொரு கைப்பேசியால் திரையைப் படமெடுக்க யாராலும் முடியும், ஆகவே மூடிய குழு என்பதற்காக ரகசியத்தைக் கொண்டுவந்து கொட்டாதீர்கள். ஸ்டெப் கோப்பு (முப்பரிமாண வரைபடம்) கேட்பவருக்கு மறுப்பு, ஸ்கிரீன்ஷாட் போதும். அலுவலக மேசையில் எடுத்த படமென்றால் பின்னணியில் வெள்ளைப் பலகை தெரிகிறதா என்று பாருங்கள். படத்தைக் கோப்பாக அனுப்பினால் எடுத்த நேரமும், சில சமயம் இடமும்கூட, ஒட்டிக்கொண்டு போகும். வேலை வாய்ப்பு, தைப்பூச வாழ்த்து, 3டி பிரிண்ட் விலை விசாரிப்பு எல்லாவற்றுக்கும் தனித் தலைப்பு.

அவ்வப்போது நேரிலும் கூடுங்கள். பிடியின் கனம், விளிம்பின் கூர்மை, மூடி 'டக்' என்று பொருந்துவது எதுவும் திரையில் வராது. நாங்கள் மாமாக் கடையில்தான் (தமிழ் முஸ்லிம்களின் உணவுக்கடை) கூடுகிறோம். வெளிச்சம் நன்றாக இருக்கும், நீண்ட நேரம் உட்கார்ந்தாலும் விரட்டமாட்டார்கள். முதலில் தே தாரிக் மட்டும் சொல்லுங்கள். மாதிரிகளைக் கைமாற்றிப் பார்த்து, பைக்குள் வைத்த பிறகுதான் ரொட்டி சானாய். குழம்புக் கை பட்ட ஃபோமைக் கழுவ முடியாது.