மாம்பழம் ஏற்றுமதியா? தோட்டத்து மருந்து டப்பாவைப் பார்த்துவிட்டு வாருங்கள்

கோயம்பேட்டில் அப்பாவின் பழக்கடையில் வளர்ந்தவள் நான். பழத்தை மோந்து பார்த்தே ரகம் சொல்லிவிடுவேன். அந்த நம்பிக்கையில்தான் கிருஷ்ணகிரி பக்கத் தோட்டம் ஒன்றில் இரண்டு டன் பங்கனப்பள்ளி பேசி, ஐரோப்பாவுக்கு அனுப்பப் பறித்தும்விட்டேன். லேப் முடிவு அதற்குப் பிறகு வந்தது: குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தின் எச்சம், கிலோவுக்கு 0.04 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் அதற்கு வைத்திருக்கும் வரம்பு 0.01. அதாவது 100 டன் பழத்துக்கு ஒரு கிராம்.

"பூச்சி வந்துச்சும்மா, கடையில குடுத்ததை அடிச்சேன்" என்றார் தோட்டக்கார அண்ணன். அவர் மேல் தப்பில்லை. எதை அடிக்கக்கூடாது என்று நான் சொல்லவே இல்லையே. அந்தப் பழம் இங்கேயே விற்றது, யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அது எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

அதனால் முதலில் நாட்டை முடிவு செய்யுங்கள், பிறகு தோட்டத்தைத் தேடுங்கள். ஒவ்வொரு நாட்டிலும் இரண்டு கேள்விகள் உண்டு. சாப்பிடுகிறவருக்கு நல்லதா என்பது ஒன்று. மருந்து எச்சம் அதில் வரும். தங்கள் தோட்டங்களுக்குள் நம் பூச்சி வந்துவிடுமா என்பது இன்னொன்று. 2014 மே 1 முதல் ஐரோப்பா நம் மாம்பழத்தை நிறுத்தியது இந்த இரண்டாவது காரணத்தால்தான், பழ ஈ. 2015 ஜனவரியில்தான் தடையை விலக்க முடிவானது. இப்போது ஐரோப்பாவுக்கு என்றால், அந்தப் பூச்சி சாக, பழத்தை 48 டிகிரி வெந்நீரில் 60 நிமிடம் வைத்தெடுக்கிறோம். அமெரிக்காவுக்குக் கதிர்வீச்சு, ஜப்பானுக்கு நீராவி. ஒன்றுக்குச் செய்ததை வைத்து இன்னொன்றுக்கு அனுப்ப முடியாது.

தோட்டத்தில் நான் செய்வது இதுதான். பூ எடுக்கும்போதே போய், கொட்டகையில் ஒரு காலண்டரை மாட்டிவிடுவேன். என்ன மருந்து, எவ்வளவு, எந்தத் தேதி என்று மூன்றையும் அதிலேயே எழுதச் சொல்வேன். காலி டப்பாவைத் தூக்கிப் போடவும் விடமாட்டேன். சொல்ல மறந்தது டப்பாவில் இருக்கும். மருந்தடித்த பிறகு இத்தனை நாள் கழித்துப் பறி என்று டப்பா மேல் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அது நம் நாட்டு வரம்புக்குக் கணக்கிட்டது. பறிப்புக்கு முன்பே மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற லேபில் கொடுங்கள். தாள் கைக்கு வரும்வரை ஒரு காயும் மரத்தை விட்டு இறங்கக்கூடாது.

பழுக்க வைக்கக் கார்பைட் கல் வேண்டவே வேண்டாம். நம் நாட்டுச் சட்டமே தடுத்திருக்கிறது. எத்திலீன் வாயு, 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை, அனுமதி உண்டு.

காகித வேலை பயப்படும்படி இல்லை. ஏற்றுமதி செய்பவருக்கான குறியீட்டு எண், அபேடா (வேளாண் பொருள் ஏற்றுமதிக்கான மத்திய அரசு அமைப்பு) பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம். பழத்தில் பூச்சி, நோய் இல்லை என்று அரசு தரும் தாவர நலச் சான்றுக்கு, நாங்கள் பைட்டோ என்போம், மீனம்பாக்கத்தில் உள்ள தாவரத் தடுப்புக்காப்பு நிலையம். அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, டூரியன் ஐந்துக்கும் ஐரோப்பா அதைக் கேட்பதில்லை. புதிதாக வருகிறவர்களிடம் வாழையில் தொடங்குங்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மரப் பலகையில் அடுக்கினால், 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிய பலகைதானா என்று முத்திரையைப் பாருங்கள். பழம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் முத்திரை இல்லாத பலகை துறைமுகத்தில் நின்றுவிடும்.