பில் கேட்டதுதான் நாங்கள் செய்த தப்பு

போன மாதம் கோயம்புத்தூரில் வால்வு தயாரிக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். டெக்சாஸில் கம்பெனி பதிவு செய்தாயிற்று, விற்பனைக்கு அங்கேயே இரண்டு பேரை வேலைக்கு எடுத்தாயிற்று. “மெடிக்கல் இன்சூரன்ஸுக்கு என்ன ஏற்பாடு?” என்றேன். “அது ஈஸி சார். அவங்களே பாலிசி எடுத்துப்பாங்க. பில் அனுப்பினா பணம் போட்டுருவோம்.”

ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் எம்.டி.யிடம் நானும் அச்சு அசல் இதையேதான் சொன்னேன்.

விண்ணப்பத்தில் பிறந்த தேதி மாறிப்போவது, பிரீமியம் கட்ட மறப்பது மாதிரியான பிழைகளை இங்கே எழுதப் போவதில்லை. விவரம் தெரிந்தவர்களும் போய் விழுகிற குழிகள் மட்டும்.

பில்லைக் காட்டு, பணத்தை வாங்கு

எங்களுடைய முதல் அமெரிக்க ஊழியர் டல்லஸில் இருந்தார். ஒரே ஆளுக்குக் குரூப் பாலிசி எதற்கு என்று அவரையே தனிநபர் பாலிசி எடுக்கச் சொன்னோம். மாதம் பிறந்தால் ரசீது வரும், சம்பளத்தோடு சேர்த்து அந்தத் தொகையையும் கொடுப்போம். அதில் சிக்கலும் இல்லை, ஏனென்றால் ஒரே ஊழியர் இருக்கும் வரை கீழே சொல்லப்போகிற விதி பாயாது. அப்புறம் நியூ ஜெர்சியில் இரண்டாவது ஆள் சேர்ந்தார். அவருக்கும் அதே ஏற்பாடு. அன்றைக்கே மீட்டர் ஓட ஆரம்பித்துவிட்டது, எங்களுக்குத் தெரியவில்லை.

2010இல் வந்த ‘ஒபாமா கேர்’ காப்பீட்டுச் சட்டத்தை வைத்து ஐ.ஆர்.எஸ்., அதாவது அமெரிக்க வரித்துறை, 2013இல் ஒரு விளக்கம் கொடுத்தது. ஊழியரின் தனிநபர் பிரீமியத்தை முதலாளி திருப்பிக் கொடுத்தால், அந்த ஏற்பாடே ஒரு குரூப் பிளான் ஆகிவிடும். குரூப் பிளானில் அடிப்படைச் சிகிச்சைகளுக்கு வருட உச்சவரம்பு வைக்கக் கூடாது. நாம் கொடுப்பதோ மாதம் 400 டாலர், அதற்கு மேல் கிடையாது. ஆக, பிளான் பிறக்கும்போதே சட்டத்தை மீறிவிடுகிறது. அபராதம் ஓர் ஊழியருக்கு ஒரு நாளைக்கு 100 டாலர். இரண்டு பேர், ஆறு மாதம்: 36,000 டாலருக்கு மேல். அவர்களுக்கு நாங்கள் கொடுத்த பிரீமியம் மொத்தமே அதில் ஏழில் ஒரு பங்கு வராது.

“வரி பிடித்துவிட்டுத்தானே கொடுத்தோம்” என்று எங்கள் பே-ரோல் ஆள் வாதாடினார். அதுவும் எடுபடவில்லை. எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல் எதில் என்றால், ஒரே ஒரு காகிதத்தைக் கேட்காமல் இருந்திருந்தால் இதில் மாட்டியிருக்கவே மாட்டோம். இன்சூரன்ஸ் வாங்கினாயா, ரசீது எங்கே என்று எதுவும் கேட்காமல் சம்பளத்தையே 400 டாலர் உயர்த்தியிருந்தால் அது வெறும் சம்பளம். நம்மூர் கணக்குப் பிள்ளைக்கு வவுச்சர் இல்லாமல் பைசா நகராது. இந்த விஷயத்தில் அங்கே அந்த வவுச்சர்தான் சாட்சி.

ரசீது பார்த்துத்தான் கொடுப்போம் என்றால் முறையான வழிகளும் உண்டு. 50 பேருக்குக் கீழே இருந்து, குரூப் பாலிசியும் இல்லாத நிறுவனங்களுக்கு ‘க்யூ-செரா’ (QSEHRA) என்ற திட்டம். எந்த அளவு நிறுவனமும் எடுக்கக்கூடியது 2020இல் வந்த ‘இக்ரா’ (ICHRA). இரண்டுக்கும் எழுத்துபூர்வமான திட்டம் வேண்டும், ஊழியர்களுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும். “அதான் மாசாமாசம் கொடுக்கிறோமே, அதுதானே இது” என்று சொல்லித் தப்ப முடியாது.

இதைச் சொன்னதும் அந்தப் பையன்களில் ஒருவர் கேட்டார்: “பில் இல்லாம ஆடிட்டர் எப்படி சார் பாஸ் பண்ணுவார்?” சரியான கேள்வி. எங்கள் ஆடிட்டரும் அதையேதான் கேட்டார்.

அப்பா அம்மா

அங்கே கம்பெனி பாலிசியில் பெரும்பாலும் சேர்க்க முடியாது. ஆள் விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இங்கே 400 பேர் இருக்கிறார்களே

அமெரிக்காவில் 50 முழுநேர ஊழியர்களுக்குச் சமமான ஆள் பலம் வந்தால் காப்பீடு கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அபராதம். அங்கே வாரம் 30 மணி நேரமே முழுநேரம். இந்தக் கணக்கில் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறவர்களின் மணி நேரம் சேராது. ஆனால் அதே முதலாளிக்கு அங்கே இன்னொரு கம்பெனி இருந்தால் பெரும்பாலும் இரண்டையும் கூட்டித்தான் எண்ணுவார்கள். முதலாவதை நினைத்துப் பயப்படுகிறவர்கள் இரண்டாவதை யோசிப்பதே இல்லை. ஹவாயில் ஆள் எடுத்தால் கதையே வேறு. அங்கே 1974ஆம் வருடச் சட்டப்படி வாரம் 20 மணி நேரம் வேலை பார்த்தாலே காப்பீடு கொடுக்க வேண்டும், நிறுவனம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.

பயணக் காப்பீடு

அது பயணத்துக்கு.

புரோபேஷன் முடியட்டும்

மூன்று மாத புரோபேஷன், அதற்கடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து காப்பீடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். மே 10 அன்று சேர்ந்தவருக்கு ஆகஸ்ட் 10இல் புரோபேஷன் முடியும், பாலிசி தொடங்குவது செப்டம்பர் 1. எண்ணிப் பாருங்கள், 110 நாளைத் தாண்டிவிட்டது. குரூப் பிளானில் காத்திருப்பு 90 நாளுக்கு மேல் போகக் கூடாது, சனி ஞாயிறும் சேர்த்து. அதனால்தான் அங்கே பலர் 60 நாள் முடிந்து வரும் முதல் தேதி என்று வைத்துக்கொள்கிறார்கள்.

ஆள் சேரவில்லையா?

சின்ன நிறுவனங்களுக்குப் பாலிசி தரும்போது, ஊழியர்களில் பாதிக்கும் மேல், சில இடங்களில் 70 சதவீதம் பேராவது சேர வேண்டும் என்று நிபந்தனை வைப்பார்கள். மூன்று பேரில் இருவர் வேண்டாம் என்றால் கதவு மூடிவிடும். ஆனால் ஒவ்வொரு வருடமும் நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை விண்ணப்பித்து ஜனவரி 1இல் தொடங்கும் பாலிசிக்கு அந்த நிபந்தனை கிடையாது. புரோக்கர் தானாகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். நாங்கள் முதல் வருடம் அவரைக் கூப்பிட்டது டிசம்பர் 18.