கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருபடிச் சரிபார்ப்பும் எஸ்எஸ்ஓவும்: யாரும் வெளியே மாட்டிக்கொள்ளாமல் அமைப்பது எப்படி?

அலுவலகத்தின் எல்லா மென்பொருளுக்கும் ஒரே லாகின் போதும் என்று எஸ்எஸ்ஓவுக்கு (சிங்கிள் சைன்-ஆன்) போகிறீர்களா? முதலில் அந்த ஒரு லாகினைப் பலப்படுத்துங்கள். இருபடிச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்பது) இல்லாமல் எஸ்எஸ்ஓவை இணைத்துவிட்டால், ஒருவரின் பாஸ்வேர்ட் திருடுபோன அன்றே சம்பளக் கணக்கு, வாடிக்கையாளர் விவரம் எல்லாம் சேர்ந்து போய்விடும்.

முதல் வேலை: அட்மின் கணக்குகள்

சூப்பர் அட்மின் (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி) குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஒரே ஆள் இருந்து அவர் போன் தொலைந்தால், அவருக்கு உள்ளே வழிவிட நிறுவனத்தில் வேறு யாரும் இல்லை. இருவரும் தங்கள் கணக்கில் செக்யூரிட்டி கீ (லாகினை உறுதிசெய்யும் சிறு சாதனம்) சேர்த்து, போன் இல்லாதபோது உதவும் பேக்கப் கோடுகளைக் காகிதத்தில் அச்சிட்டுப் பூட்டி வைக்கட்டும். 8 இலக்க கோடுகள் 10 கிடைக்கும்; ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும்.

இருபடிச் சரிபார்ப்பு

1. அட்மின் கன்சோலில் செக்யூரிட்டி → ஆதென்டிகேஷன் → 2-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போங்கள்.
2. பயனர்கள் தாங்களே இதை இயக்கிக்கொள்ள அனுமதிக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். கட்டாயமாக்குவதை இப்போதைக்கு ஆஃபிலேயே விடுங்கள்.
3. எப்படிப் பதிவது என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பி, இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். யார் பதிந்திருக்கிறார்கள் என்பது ரிப்போர்ட்டிங் பகுதியில் பயனர்வாரியாகத் தெரியும்.
4. பாக்கி இருப்பவர்களைத் துரத்திப் பிடித்த பிறகு, குறிப்பிட்ட தேதியிலிருந்து கட்டாயம் என்று அமையுங்கள். முதலில் ஐடி குழுவின் ஆர்கனைசேஷனல் யூனிட்டுக்கு (அட்மின் கன்சோலில் பயனர்களைப் பிரிக்கும் பிரிவு) மட்டும், பிறகு மற்றவர்களுக்கு.
5. புதிதாகச் சேருபவர்களுக்கான பதிவு அவகாசத்தை 1 வாரமாக வையுங்கள். இதை மறந்தால், புது ஊழியர் முதல் நாளே மெயிலுக்குள் போக முடியாமல் நிற்பார்.

எந்த முறைகளை அனுமதிப்பது? எஸ்எம்எஸ், போன் அழைப்பு இரண்டையும் விலக்கும் தேர்வே நல்லது. சிம்மை வேறொருவர் மாற்றி வாங்கிவிட்டால் ஓடிபியும் அவருக்கே போகும். ஆனால் எஸ்எம்எஸ் மட்டுமே வைத்திருப்பவர்கள் அந்த நிமிடமே வெளியே நிற்பார்கள். அவர்களை முதலில் போனிலேயே ஓடிபி காட்டும் ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு மாற்றுங்கள்.

ஆப் காட்டும் 6 இலக்க எண் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். நேரத்தை வைத்துத்தான் அது கணக்கிடப்படுகிறது. “சரியாகத்தான் போடுகிறேன், ஏற்க மாட்டேன் என்கிறது” என்று ஒருவர் வந்தால், அவர் போனில் தானியங்கி நேரம் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

போனைத் தொலைத்தவருக்கு, டைரக்டரி → யூசர்ஸில் அவர் பெயரைத் திறந்து, செக்யூரிட்டி பகுதியிலிருந்து பேக்கப் கோடு எடுத்துக் கொடுங்கள். கேட்பவர் அவர்தானா என்று நேரிலோ வீடியோவிலோ உறுதி செய்த பிறகுதான்! ஒருவருக்காக நிறுவனம் முழுக்க அமைப்பை ஆஃப் செய்யாதீர்கள்.

எஸ்எஸ்ஓ: வேறு மென்பொருளை இணைத்தல்

1. ஆப்ஸ் → வெப் அண்ட் மொபைல் ஆப்ஸ் → ஆட் ஆப் → கஸ்டம் சாம்ல் ஆப் (சாம்ல், SAML, என்பது எஸ்எஸ்ஓவுக்கான பொது நெறிமுறை). பெயர் கொடுங்கள்.
2. கூகுள் தரும் எஸ்எஸ்ஓ முகவரி, என்டிட்டி ஐடி (ஒவ்வொரு தரப்பையும் அடையாளம் காட்டும் பெயர்), சான்றிதழ் மூன்றையும் அந்த மென்பொருளின் எஸ்எஸ்ஓ பக்கத்தில் ஒட்டுங்கள்.
3. அந்தப் பக்கம் தரும் ஏசிஎஸ் முகவரியையும் (லாகின் பதிலை கூகுள் அனுப்ப வேண்டிய இடம்) என்டிட்டி ஐடியையும் கூகுள் பக்கம் ஒட்டுங்கள். பயனரை அடையாளம் காட்டும் நேம் ஐடிக்கு முதன்மை மின்னஞ்சல் போதும்.
4. முடித்ததும் யூசர் ஆக்சஸில் வேண்டிய யூனிட்டுக்கு ஆன் செய்யுங்கள். தொடக்கத்தில் இது எல்லோருக்கும் ஆஃப்.

403 பிழை வந்தால் அதன் வாசகத்தைப் படியுங்கள். ‘நாட் எனேபிள்ட் ஃபார் யூசர்’ என்றால் நான்காம் படி விடுபட்டிருக்கிறது, அல்லது மாற்றம் இன்னும் பரவவில்லை. 24 மணி நேரம்வரை ஆகலாம். ‘நாட் கான்ஃபிகர்ட் ஃபார் யூசர்’ என்றால் என்டிட்டி ஐடி பொருந்தவில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமே இதற்குப் போதும். கையால் தட்டச்சு செய்யாமல் காப்பி செய்து ஒட்டுங்கள்.

மென்பொருளில் பாஸ்வேர்ட் லாகினை முழுவதும் மூடும் முன், அதன் அட்மின் ஒருவருக்கு மட்டும் நேரடி வழியை விட்டுவையுங்கள். கூகுள் தரும் சான்றிதழ் 5 ஆண்டில் காலாவதியாகும்; அன்று எஸ்எஸ்ஓ நின்றால் அந்த வழிதான் கைகொடுக்கும்.

வேலையை விட்டுப் போனவரின் கூகுள் கணக்கை முடக்கினால் புதிதாக லாகின் ஆக முடியாது. ஆனால் மற்ற மென்பொருளில் ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வு தானாக மூடிவிடும் என்று நம்பாதீர்கள். அங்கேயும் போய் அவர் கணக்கை நீக்குங்கள்.